எந்திர இரைச்சலும் ஒலி மெட்டாமெட்டீரியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளோயர், கம்பிரசர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களும், அந்த இரைச்சலைக் குறைக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் எண்களோடே சொல்லியிருக்கிறேன். எண் இல்லாமல் இரைச்சலைப் பற்றிப் பேசினால் காசுதான் வீணாகும்.

மெட்டாமெட்டீரியல் என்பது புதிதாகக் கண்டுபிடித்த ரசாயனப் பொருளா?

இல்லை. பிளாஸ்டிக், அலுமினியம், ரப்பர், இரும்பு என்று நமக்குத் தெரிந்த பொருள்கள்தான். வேலையைச் செய்வது பொருள் அல்ல, அதற்குள் செதுக்கிய வடிவம். சின்னச் சின்ன அறைகள், சுருண்டு சுருண்டு போகும் வழிகள், நடுவில் எடை ஒட்டிய சவ்வுகள் என்று ஒரே மாதிரி அலகுகளை வரிசையாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு அலகும் ஒலியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. அதனால் அலை அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மொத்தத்தையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறது. இயற்கையில் எந்தப் பொருளுக்கும் இல்லாத குணம் அந்த மொத்தத்துக்கு வந்துவிடுகிறது. தமிழில் மீப்பொருள் என்றும் எழுதுகிறார்கள்.

இதன் எளிய அலகு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. காலி பாட்டிலின் வாய் ஓரமாக ஊதிப் பாருங்கள், 'பூம்' என்று ஒரே சுருதியில் சத்தம் வரும். பாட்டிலின் கழுத்தில் இருக்கும் காற்று ஒரு எடைக்கல் போலவும், வயிற்றில் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் போலவும் வேலை செய்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி என்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம் உள்ள ஒரு பெட்டி. உள்ளளவு அரை லிட்டர். மூடியில் 1 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை, அந்தத் துளைக்கு 2 செ.மீ. நீளத்தில் ஒரு கழுத்து. இது சுமார் 130 ஹெர்ட்ஸில் ஆடும். 130 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 2.6 மீட்டர்! ஆள் உயரத்தைத் தாண்டிய அலையை உள்ளங்கை அளவுப் பெட்டி பிடித்துக்கொள்கிறது. கழுத்துக்குள் காற்று முன்னும் பின்னும் வேகமாக ஓடும்போது சுவரோடு உராய்ந்து, ஒலியின் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது அதிசயமாகவே இருக்கிறது.

கிளாஸ் வூல், ராக்வூல் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

'கீச்', 'உஸ்' என்ற உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு அவையே போதும். அங்கே மெட்டாமெட்டீரியலைக் கொண்டு வருவது வீண் செலவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் தாழ்ந்த 'ம்ம்ம்' என்ற உறுமலில்தான். கிளாஸ் வூல், ராக்வூல் போன்ற நுண்துளைப் பொருள் (இனி சுருக்கமாகக் கம்பளி என்கிறேன்) ஒரு சுவரின் மேல் நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் அதன் தடிமன் அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு இருக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்கு அது 8.6 செ.மீ. 100 ஹெர்ட்ஸுக்கு 86 செ.மீ.! எந்த எந்திர அறையில் சுவரெல்லாம் 86 செ.மீ. கம்பளி போட முடியும்?

அப்படியானால் கனமான இரும்புத் தகடு போட்டு மூடிவிடலாமே?

மூடலாம். ஆனால் நிறை விதி குறுக்கே வரும். தகட்டின் எடையை இரட்டிப்பாக்கினால் அது தடுக்கும் அளவு 6 டெசிபல்தான் கூடும். அதிர்வெண் பாதியானால் அதே 6 டெசிபல் கையைவிட்டுப் போகும். 1 மி.மீ. இரும்புத் தகடு 1000 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் அளவுக்குத் தடுக்கும், 100 ஹெர்ட்ஸில் 10ஐ ஒட்டித்தான் நிற்கும். அங்கே இன்னும் ஒரு 10 டெசிபல் வேண்டுமென்றால் தகடு 3 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். அப்போது ஒரு சதுர மீட்டர் 25 கிலோ வரும். பராமரிப்புக்குக் கழற்றி மாட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், அந்த 25 கிலோ எப்படிப்பட்டது என்று அவர் சொல்வார்.

'எதிர்மறை நிறை' என்று படித்தேன். நிறை எப்படி எதிர்மறையாக இருக்கும்?

எடை குறைந்து பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று பொருளில்லை. ஒரு ரப்பர் பேண்டில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். நட்டு கையோடு சேர்ந்து போகும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் நட்டு மிகப் பெரிதாகத் துள்ளும். அதையும் தாண்டினால் கை மேலே போகும்போது நட்டு கீழே வரும். தள்ளும் திசைக்கு எதிர்த் திசையில் நகரும் பொருளைக் கணக்கில் எழுதினால் அதன் நிறைக்கு மைனஸ் குறிதான் வரும். ஒலி அழுத்தம் தள்ளும்போது உள்ளிருக்கும் அலகுகள் இப்படி எதிராக ஆடினால் அலை முன்னேற வழியில்லை; திரும்பிப் போகிறது.

2000இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிங் ஷெங் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். 1 செ.மீ. விட்டமுள்ள ஈயக் குண்டுகளுக்கு 2.5 மி.மீ. சிலிக்கோன் ரப்பர் உறை போட்டு, எபாக்சிப் பிசினுக்குள் 1.55 செ.மீ. இடைவெளியில் பதித்தார்கள். ஈயம் எடை, ரப்பர் ஸ்பிரிங். கையளவுக் கட்டி சில நூறு ஹெர்ட்ஸ் ஒலியைத் தடுத்தது. 2008இல் அதே குழுவினர் ஈயத்தை விட்டுவிட்டு, இழுத்துக் கட்டிய சவ்வின் நடுவில் ஒரு சின்ன எடையை ஒட்டியே 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் நிறை விதியை மீறினார்கள். 2012இல் சவ்வின் மேல் இரும்புச் சில்லுகளை ஒட்டி 172 ஹெர்ட்ஸ் ஒலியில் 86 சதவீதத்தை உறிஞ்சிக் காட்டினார்கள். எந்திர இரைச்சலுக்கு வந்திருக்கும் மெல்லிய பலகைகளில் பல இந்தச் சவ்வு வழியில் வந்தவைதான்.

எந்த எந்திரத்துக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது?

இதுதான் முக்கியமான கேள்வி. ஆனால் பெரும்பாலோர் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

மெட்டாமெட்டீரியல் சுருதி கூட்டிய பொருள். உங்கள் எந்திரம் எந்தச் சுருதியில் கத்துகிறது என்று தெரியாமல் அதை வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போலத்தான். நல்லவேளையாக, பல எந்திரங்களின் சுருதியைப் பெயர்ப் பலகையைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடலாம்.

ஃபேன் என்றால் இறக்கைகளின் எண்ணிக்கையை நிமிடச் சுற்றால் பெருக்கி 60ஆல் வகுங்கள். 6 இறக்கை, நிமிடத்துக்கு 1480 சுற்று என்றால் 148 ஹெர்ட்ஸ். ரூட்ஸ் புளோயரில் (இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழன்று காற்றைத் தள்ளும் வகை) மூன்று மடல் சுழலி இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு, இரண்டு மடல் என்றால் 4. கியர்பாக்ஸில் பற்களின் எண்ணிக்கையை நிமிடச் சுற்றால் பெருக்கி 60ஆல் வகுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் எளிது. அதன் இரும்புக் கோர் மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உறுமும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 120.

கணக்கில் வந்த எண் அளவீட்டிலும் வருகிறதா என்று பாருங்கள். ஒலி நிறமாலை காட்டும் கைபேசிச் செயலி ஒன்றை எந்திரத்தின் பக்கத்தில் ஓடவிட்டால் போதும், 148இல் ஊசி மாதிரி ஒரு முனை நிற்பது தெரியும். டெசிபல் அளவுக்குக் கைபேசியை நம்ப வேண்டாம். எந்த அதிர்வெண் என்று கண்டுபிடிக்க அது பெரும்பாலும் உதவும்.

அப்படி ஒன்றிரண்டு முனைகள் மட்டும் சுற்றியிருப்பவற்றைவிட உயர்ந்து நின்று, எந்திரமும் ஒரே வேகத்தில் ஓடுகிறது என்றால் மெட்டாமெட்டீரியலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர், நிலையான வேக ஃபேன், புளோயர் எல்லாம் இந்த வகை. உலோகத்தை அரைப்பது, வெட்டுவது, தட்டுவது, அழுத்தக் காற்றைப் பீய்ச்சுவது போன்றவற்றில் ஒலி எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடக்கும். அங்கே பழைய வழிகளே மேல்.

இன்னொன்று. இரைச்சல் காற்றில் வருகிறதா, தரை வழியாக வருகிறதா என்று பாருங்கள். எந்திரத்தின் அதிர்வு அடித்தளம் வழியே போய்ப் பக்கத்து அறையின் சுவரை ஆட்டிக்கொண்டிருந்தால், எந்திரத்தைச் சுற்றி எதை மாட்டியும் பயனில்லை. முதலில் அதிர்வு தாங்கிகளைச் சரி செய்ய வேண்டும்.

ஒலிக்கூண்டு போட்டால் எந்திரம் சூடாகிறது. திறந்து வைத்தால் சத்தம் வெளியே வருகிறது. இதற்கு வழி உண்டா?

இந்தக் கேள்விக்காகவே நான் மெட்டாமெட்டீரியலைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு ஆலையில் கம்பிரசரைச் சுற்றி நல்ல தடிமனான கூண்டு போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தபோது அதன் கதவு திறந்து கிடந்தது, மூடாமலிருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மூடினால் அரை மணி நேரத்தில் சூடாகி எந்திரம் தானாக நின்றுவிடுகிறது என்றார் ஆபரேட்டர். அவர் மேல் தப்பே இல்லை. காற்றுக்கு வழி விடாமல் கூண்டு செய்தவர்கள்தான் அந்தக் கல்லை அங்கே வைக்க வைத்தார்கள்.

கணக்கும் இதையே சொல்கிறது. கூண்டின் பரப்பில் 1 சதவீதம் ஓட்டை இருந்தாலே, சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. 10 சதவீதம் திறந்தால் 10 டெசிபலோடு முடிந்தது.

காற்றை விட்டு ஒலியை மட்டும் நிறுத்தும் திறந்த மெட்டாமெட்டீரியல்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. 2019இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஷின் ஜாங் குழுவினர் ஒரு வளையம் செய்தார்கள். நடுவில் வெறும் துளை, சுற்றியிருக்கும் விளிம்புக்குள் திருகுபோல் சுருண்டு போகும் வழிகள். நடுத்துளை வழியாக வரும் அலையும், நீண்ட சுருள் வழியாகச் சுற்றிவிட்டு வரும் அலையும் மறுபக்கத்தில் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முகப்புப் பரப்பில் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் திறந்தே இருந்தும், குறிவைத்த அதிர்வெண்ணில் 94 சதவீத ஒலி தடுக்கப்பட்டது.

94 சதவீதம் என்பதைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். டெசிபலில் அது 12. ஆனாலும் பாதிக்கு மேல் திறந்திருக்கும் ஓட்டை 12 டெசிபல் தடுப்பது சாதாரணமில்லை. வெறும் ஓட்டை அதில் பாதிகூடத் தராது. கூண்டின் காற்று நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் இவற்றை அடுக்கி, மீதி அதிர்வெண்களுக்குக் உட்பக்கம் கம்பளி ஒட்டிய வழக்கமான காற்றுவழியைச் சேர்த்தால் கதவை மூடியே வைக்கலாம்.

வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) போட்டு வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். அப்போது?

சுருதி தப்பிவிடும். 148 ஹெர்ட்ஸுக்குச் செய்த பலகை, ஃபேன் வேகம் 80 சதவீதத்துக்கு இறங்கி 118இல் உறுமும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வேகங்களில்தான் ஓடுகிறது என்றால் அந்தந்த எண்ணுக்கு அலகுகளைக் கலந்து அடுக்கலாம். எந்த வேகத்திலும் ஓடும் என்றால் வேண்டாம்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர், 60 டிகிரியில் 366. எந்திரத்தின் சுருதி வெப்பத்தால் மாறாது, பெட்டியின் சுருதி மாறும். குளிர்ந்த ஆய்வகத்தில் 130 ஹெர்ட்ஸுக்குச் சரி பார்த்த பெட்டி, சூடான கூண்டுக்குள் 139க்குப் போய்விடும். வடிவமைப்பவரிடம் எந்திரம் ஓடும்போது உள்ளே என்ன வெப்பநிலை என்று சொல்லிவிடுங்கள். அவரே கேட்கவில்லை என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

எல்லா அதிர்வெண்ணையும் உறிஞ்சும் மெல்லிய பலகை வராதா?

வராது. இது இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதால் அல்ல, இயற்பியலே விதித்திருக்கும் எல்லை. விளைவு காரணத்துக்கு முன்னால் வர முடியாது என்ற அடிப்படையிலிருந்தே, எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையை உறிஞ்ச வேண்டுமோ அதற்கு இவ்வளவு தடிமனாவது வேண்டும் என்று ஒரு கணக்கு வருகிறது. அந்த எல்லையை ஒட்டிப் போகும் பலகையை எப்படி வடிவமைப்பது என்று பிங் ஷெங் குழுவினர் 2017இல் காட்டினார்கள். ஒரே அதிர்வெண் என்றால் மெல்லியதாகச் செய்யலாம். பட்டை அகல அகலத் தடிமன் கூடும். 2 செ.மீ. பலகை 50 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் விழுங்கும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, நெருப்பு இதற்கெல்லாம் தாங்குமா?

ஆய்வகத்தில் வென்றது ஆலையில் தோற்பது இந்த இடத்தில்தான். 1 மி.மீ. துளையில் எண்ணெய் கலந்த தூசி படிந்தால் துளை சுருங்கும், சுருதி இறங்கும், கடைசியில் அடைத்தே போகும். மாவு, சிமென்ட், பஞ்சு பறக்கும் இடத்தில் நுண்துளை உள்ள எதையும் நான் சொல்ல மாட்டேன். அங்கே மூடிய சவ்வு வகையை, அதுவும் துடைத்தெடுக்கக் கூடியதாகப் பார்க்கலாம். சவ்வுக்கும் ஒரு குறை உண்டு: வெப்பத்திலும் வயதிலும் இழுவை தளர்ந்து சுருதி மாறும்.

காற்று வேகமாக ஓடும் டக்டில், அதாவது காற்றுக் குழாயில், துளைகள் தாமே விசிலடிக்க ஆரம்பிக்கும், பாட்டிலை ஊதியது போலவே. அதனால் காற்றோட்டத்தோடு சோதித்ததா என்று கேளுங்கள். நெருப்பைப் பொறுத்தவரை, முப்பரிமாண அச்சில் எடுத்த சாதாரண பிளாஸ்டிக்கைச் சூடான எந்திரத்தின் பக்கத்தில் வைக்கவே கூடாது. மாதிரி பார்க்க அது நல்லது. நிரந்தரமாக மாட்டுவதற்கு அலுமினியமோ இரும்புத் தகடோ, தீத்தடுப்புச் சான்று உள்ள பிளாஸ்டிக்கோ வேண்டும்.

எவ்வளவு டெசிபல் குறையும் என்று எதிர்பார்க்கலாம்?

குறிவைத்த முனையில் 10 முதல் 20 டெசிபல் குறைவது நடக்கக் கூடியதுதான். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் கேட்கும். ஆனால் மொத்த அளவு அவ்வளவு இறங்காமல் போகலாம். அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

காரணம் இது. பாதுகாப்பு விதிகள் டெசிபல்-ஏ என்ற அளவில் பேசுகின்றன. மனிதக் காது தாழ்ந்த ஒலியைக் குறைவாகக் கேட்பதால் அந்த அளவு 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலைக் கழித்துவிடும். ஆகவே 100 ஹெர்ட்ஸ் உறுமலை முழுவதும் அழித்தாலும் மீட்டரில் ஒன்றிரண்டு டெசிபல்-ஏ மட்டுமே இறங்கலாம். ஆனால் அந்த உறுமல்தான் சுவரைத் தாண்டிப் போய்த் தூரத்து வீடுகளில் தூங்குகிறவர்களை எழுப்புகிறது. அக்கம்பக்கத்தார் புகார் என்றால் அந்த முனையைக் குறைத்தாலே பெரிய நிம்மதி. ஆபரேட்டரின் காதைக் காப்பதுதான் நோக்கம் என்றால் 500 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கே வழக்கமான உறையும் கம்பளியும்தான் காதைக் காப்பாற்றும்.

நாங்களே செய்து பார்க்க முடியுமா?

ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெட்டிகளைத் தாராளமாகச் செய்யலாம். லேசரில் வெட்டிய துளைத்தகடு, பின்னால் கட்டம் கட்டமாகப் பிரித்த தகட்டுப் பெட்டி, அவ்வளவுதான். கழுத்தின் நீளத்தைத் தகட்டின் தடிமனாக மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். துளைக்கு வெளியே இருபுறமும் கொஞ்சம் காற்று சேர்ந்தே ஆடும். அதற்காகத் துளையின் விட்டத்தில் 0.8 பங்கு அளவுக்கு நீளம் கூட்ட வேண்டும். இதை விட்டதால் சுருதி தப்பிப்போன பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டங்களுக்கு இடையே ஒலி கசியாதபடி ஓரங்களை நன்றாக அடையுங்கள்.

செய்வதற்கு முன்னால் பேரிங், பெல்ட், தளர்ந்த போல்ட், சமன் கெட்ட இறக்கை இவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்க்ரோல் வகை (நத்தை ஓடு போல் சுருண்ட உறை உள்ள) ஃபேனில் இறக்கைக்கும் உறையின் நாக்குக்கும் (காற்று வெளியேறும் இடத்தில் இறக்கையை நெருங்கி நிற்கும் ஓரம்) உள்ள இடைவெளியைச் சற்றுக் கூட்டினாலே இறக்கைச் சுருதி நன்றாக இறங்கும். எந்திரத்திலேயே சரியாகிவிடும் சத்தத்துக்குப் பலகை வேண்டாம்.

விற்பவரிடம் என்ன கேட்பது?

சோதனை அறிக்கை கேளுங்கள். சின்னத் துண்டை இம்பிடன்ஸ் டியூப் என்ற சோதனைக் குழாயில் வைத்து ஐஎஸ்ஓ 10534-2 முறையில் எடுத்த வரைபடம் எல்லோரிடமும் இருக்கும். அது குழாய்க்குள் நேராக வரும் அலைக்கான எண். உங்கள் அறையில் ஒலி எல்லாத் திசையிலிருந்தும் வரும். டக்ட் சைலன்சர் (காற்றுக் குழாயில் வைக்கும் ஒலிக்குறைப்பான்) என்றால் ஐஎஸ்ஓ 7235 படி காற்றோட்டத்தோடு எடுத்த எண்ணும் அழுத்த இழப்பும் வேண்டும். முழுக் கூண்டு என்றால் ஐஎஸ்ஓ 11546. ஒரே ஒரு சதவீத எண்ணை மட்டும் சொன்னால், எந்த அதிர்வெண்ணில் என்று கேளுங்கள்.

மாட்டிய பிறகு காதடைப்பானைக் கழற்றிவிடலாமா?

மாட்டியதும் வேண்டாம். ஆள் நிற்கும் இடத்தில், எந்திரம் முழுச் சுமையில் ஓடும்போது, கூண்டுக் கதவு மூடிய நிலையில், மூன்றாம்-எண்மப் பட்டைகளாக (அதிர்வெண்களைக் குறுகிய பட்டைகளாகப் பிரித்து) அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள். பல இடங்களில் 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல்-ஏ என்பதையே எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். 3 டெசிபல் கூடினால் அனுமதிக்கும் நேரம் பாதியாகும். முழு ஷிஃப்டுக்கும் அதற்குக் கீழே வந்துவிட்டது என்று அளவீடு சொல்லும்வரை காதடைப்பான் காதிலேயே இருக்கட்டும். அடுத்த அளவீட்டை ஆறு மாதம் கழித்து, வெயில் உச்சத்தில் இருக்கும் ஒரு நாளில் எடுங்கள். துளை அடைந்திருந்தாலும் சவ்வு தளர்ந்திருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.